நாற்பது நிமிடம் வலிக்காத கிதார்

முதல் எலெக்ட்ரிக் கிதார் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் நிறத்தைப் பார்த்துத்தான் ஏமாறுகிறார்கள். சிவப்பாக, பளபளவென்று, முகம் பார்க்கலாம் போல ஒன்று சுவரில் தொங்கும். பிள்ளை அதைக் காட்டும், அப்பா வாங்கிக் கொடுப்பார், இரண்டு மாதத்தில் அது அலமாரிக்கு மேலே ஏறிவிடும். நான் அப்படி வாங்கவில்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன். நேற்று நீங்கள் கேட்ட தோரணையில், நான் ஏதோ ஏனோதானோவென்று ஒரு விளையாட்டுச் சாமானை வாங்கிப் பிள்ளையின் வாயை அடைத்தேன் என்பது போல ஒரு சாயல் இருந்தது. எனக்கு அது வருத்தமாகிவிட்டது.

நானே எழுதித் தருகிறேன் என்றதும் மறு பேச்சில்லாமல் தாளை நகர்த்தினீர்கள், இன்ஸ்பெக்டர் மேடம். நன்றி. வாயால் சொன்னால் நடுவில் கேள்வி வரும், கோர்வை போய்விடும். பதினெட்டு வருடமாக லிஃப்ட் பராமரிப்பில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். ஒரு திருகை மாற்றினாலும் ஏன் மாற்றினேன் என்று ஒரு வரி எழுதி வைக்கிற ஆள் நான்.

என் மனைவிக்கு வந்த நோயின் பெயர் உங்கள் கோப்பில் இருக்கிறது. உடம்பில் ஒவ்வொரு தசையாக வேலையை விட்டது. மூன்றாவது வருடம் தொண்டையில் ஒரு குழாய், கட்டிலுக்குப் பக்கத்தில் மூச்சு விட ஒரு மெஷின் என்று ஆயிற்று. புத்தி மட்டும் முன்பைவிடக் கூர்மை. கண் அசையும், வலது கை ஆள்காட்டி விரல் அசையும். அந்த விரலுக்கு அடியில் ஒரு சுவிட்ச் வைத்துக் கொடுத்தேன். அழுத்தினால் கூடத்தில் மணி அடிக்கும். லிஃப்டுக்குள் வைப்போமே, அதே மணிதான். சளி குழாயை அடைக்கும்போது அழுத்துவாள். யாராவது போய் உறிஞ்சுகுழாயைப் போட்டு எடுக்க வேண்டும். அரை நிமிட வேலை, ஆனால் உடனே ஆள் வந்தாக வேண்டும். மெஷினும் கத்தும். அது அவள் மணியைவிடச் சன்னமான சத்தம், மகளின் அறை வரை எட்டாது.

பகலில் பார்த்துக்கொள்ள ஒரு அம்மா வருவார். மகள் அவரை அக்கா என்பாள், நானும் அப்படியே எழுதுகிறேன். நாலு மணிக்கு அக்கா கிளம்பிவிடுவார். நான் வேலை முடிந்து வர ஆறரை ஆகும். நடுவில் இருப்பது என் மகள், பன்னிரண்டு வயது. குழாய் வேலையை ஒரே வாரத்தில் கற்றுக்கொண்டாள். டாக்டர் அவளைத் தலைமேல் தூக்கிவைத்துப் பேசினார். ஆறரை வரை அக்காவை இருக்கச் சொல்லியிருக்கலாமே என்று கேட்டீர்கள். சொல்லியிருக்கலாம்.

பிறகு மகளின் வகுப்பு டீச்சர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். "பாப்பா எப்பப் பாத்தாலும் தலையை ஒரு பக்கமா சாய்ச்சே வச்சிருக்கா சார். காதைக் கொஞ்சம் செக் பண்ணிப் பாருங்க" என்றார். பார்த்தேன். காதில் ஒரு கோளாறும் இல்லை. அதன் பிறகுதான் வீட்டில் அவளைக் கவனிக்க ஆரம்பித்தேன். தண்ணீர்க் குழாயை மூடிவிட்டுத்தான் பல் தேய்ப்பாள். மொறுமொறுப்பாக எதையும் சாப்பிடுவதில்லை, மென்றால் சத்தம் கேட்காதாம். குளிக்கும்போது கதவை ஒரு விரற்கடை திறந்து வைப்பாள். தோழிகள் வாசலில் நின்று கூப்பிட்டுவிட்டு, பிறகு கூப்பிடுவதையே விட்டுவிட்டார்கள். ஒரு குழந்தை தன் காதை இன்னொருத்தருக்கு மொத்தமாகக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தது. பெற்ற வயிறு என்று அம்மாக்களுக்குத்தான் சொல்வார்கள். எனக்கும் பற்றி எரிந்தது.

எனக்கே அலுத்தும் போயிருந்தது. அதை மறைக்க மாட்டேன். காலையில் சாவியை எடுத்துக்கொண்டு படி இறங்கும்போது வருகிற நிம்மதியை நினைத்து வெட்கப்பட்டிருக்கிறேன். ஆனால் அலுப்பினால் செய்தான் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். மகளுக்காகச் செய்தேன்.

பள்ளி விழாவில் பெரிய வகுப்புப் பெண் ஒருத்தி எலெக்ட்ரிக் கிதார் வாசித்ததைப் பார்த்துவிட்டு வந்து, "அப்பா, எனக்கு அது கத்துக்கணும்போல இருக்கு. பரவாயில்ல, வேண்டாம்னாலும் சரி" என்றாள். இரண்டு வருடத்தில் அவள் வாய்விட்டுக் கேட்ட முதல் பொருள். வேண்டாம் என்பதையும் அவளே சேர்த்துச் சொல்லிவிட்டாள்.

ஒரு மாதம் படித்தேன். கிதாரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் கரைத்துக் குடித்தேன். முதலில் சாதாரண மரக் கிதாரில் பழகிவிட்டுத்தான் எலெக்ட்ரிக்குக்கு வர வேண்டும் என்று பலர் சொல்வார்கள். நம்பாதீர்கள். மரக் கிதாரின் கம்பி தடிப்பு, பத்து நிமிடத்தில் விரல் நுனி எரியும், பிள்ளை கீழே வைத்துவிடும். அதோடு அதை வாசிக்கும்போது வீட்டில் நடக்கிற மற்ற சத்தமும் காதில் விழும். எலெக்ட்ரிக்கில் கம்பி மெலிசு. ஹெட்போனைச் செருகிக்கொண்டால் வாசிப்பவருக்கு அது மட்டும்தான் உலகம்.

பத்து நிமிடம் எனக்குப் போதாது. நாற்பது நிமிடம் வேண்டும் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

மூன்று கடை ஏறி இறங்கினேன். மூன்றாவது கடையை ஒரு பெண் நடத்தினார். விரல் நுனியெல்லாம் காய்த்துப்போன, நன்றாக வாசிக்கத் தெரிந்த அம்மா. என் கைவிரல் அளவை அல்ல, மகளின் கை அளவைத் தாளில் வரைந்து எடுத்துப் போயிருந்தேன். அதிலேயே அவருக்கு என்மேல் மதிப்பு வந்துவிட்டது. கிதாரின் கழுத்து மெலிதாக இருக்க வேண்டும், கட்டை கனக்கக் கூடாது, தோள் வலித்தால் எழுந்துவிடுவாள். கம்பிக்கும் கழுத்துக்கும் உள்ள இடைவெளியை லிஃப்ட் வேலைக்கு வைத்திருக்கும் அளவுத் தகடு வைத்து அளந்தேன். சில கிதார்களில் கம்பியின் அதிர்வை வாங்குகிற காந்தம் ஒற்றையாக இருக்கும், அது லேசாக ரீங்காரம் போடும். ரீங்காரம் கேட்டால் பிள்ளை ஹெட்போனைக் கழற்றி என்னவென்று பார்க்கும். அதனால் இரட்டைக் காந்தம். சுருதி இறங்கிக்கொண்டே இருந்தாலும் வாசிப்பு நின்றுவிடும், ஆகவே கம்பியைப் பிடிக்கிற திருகுகள் இறுக்கமானவை. அந்த அம்மா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். "இத்தனை வருஷத்துல இவ்வளவு பாத்து வாங்குற அப்பாவ நான் பாத்ததில்ல சார்" என்றார். உச்சி குளிர்ந்துபோனது.

அவர் உங்களிடம் சொன்னதாக நேற்றுப் படித்தீர்களே, அதுவும் உண்மைதான். பையில் அதே மாதிரி இன்னொரு மணியைக் கொண்டுபோயிருந்தேன். ஹெட்போன் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு, கிதாரில் ஏதோ தட்டிக்கொண்டே, அவரைக் கடைக்கு வெளியே நின்று அடிக்கச் சொன்னேன்.

"எதுக்கு சார் இது?"

"வாசல்ல யாராவது வந்தா கேக்குதான்னு பாக்கத்தாம்மா."

நாலாவது ஹெட்போனில் ஒன்றும் கேட்கவில்லை. அதை வாங்கினேன். அவர் அப்போது என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். கேட்காத ஹெட்போனை எடுத்துக்கொண்டு ஏன் இவன் சிரிக்கிறான் என்று யோசித்திருப்பார். அந்த யோசனை ஆறேழு மாதம் அவருக்குள் ஊறியிருக்கிறது.

வீட்டில் அக்காவுக்குத்தான் முதலில் மூக்கு வியர்த்தது. "பாப்பா காத அடைச்சுக்கிட்டா மணி எப்படி சார் கேக்கும்?" என்றார். நியாயமான கேள்வி. அடுத்த நாளே மகளின் அறையில் ஒரு சிவப்பு விளக்கு மாட்டினேன். மணி அடித்தால் விளக்கு மின்னும். அக்கா இரண்டு முறை சோதித்துப் பார்த்துவிட்டுச் சமாதானமானார். நீங்களும் போய்ப் பார்த்தீர்களாம், வேலை செய்கிறதாம். வேலை செய்யும், நான் மாட்டியது. ஆனால் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தீர்களா? புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்கள் இடது கையைவிட்டுக் கண்ணை எடுக்க மாட்டார்கள். எந்தக் கட்டத்தில் எந்த விரல் என்று அதையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். விளக்கு வலது பக்கச் சுவரில், தோளுக்குப் பின்னால் இருக்கிறது.

சத்தம் அம்மாவுக்கு ஆகாது, டாக்டர் சொல்லியிருக்கிறார், ஹெட்போனோடுதான் வாசிக்க வேண்டும் என்று மகளிடம் சொல்லிவைத்தேன். டாக்டர் அப்படி ஒன்றும் சொல்லவில்லை.

மனைவிக்கு ஒரு எழுத்துப் பலகை உண்டு. நான் விரலை நகர்த்திக்கொண்டே போக வேண்டும், சரியான எழுத்து வந்ததும் அவள் கண்ணை மூடுவாள். நம் எழுத்துகளின் எண்ணிக்கைக்கு ஒரு வார்த்தை முடிவதற்குள் பொழுது போய்விடும். கிதார் வந்த இரண்டாம் வாரம், மகளும் பக்கத்தில் நிற்கும்போது, கண்ணால் பலகையைக் கேட்டாள். 'எனக்கும் கேக்கணும்' என்று சொல்லி முடிக்க கால் மணி நேரம் ஆயிற்று. மகள் நின்ற இடத்திலிருந்து பலகை தெரியாது. மகள், "அம்மா என்னப்பா சொல்றாங்க?" என்றாள்.

"நல்லா பிராக்டிஸ் பண்ணுன்னு சொல்றாங்கம்மா."

மகள் குனிந்து அவள் நெற்றியில் முத்தம் கொடுத்தாள். மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் பிறகு அவள் என்னிடம் பலகை கேட்கவே இல்லை. நான் அறைக்குள் எங்கே போனாலும் அந்தக் கண்கள் கூடவே வரும். கதவை, மணியை, மகளின் கழுத்தில் கிடக்கும் ஹெட்போனை, பிறகு என்னை என்று மாறி மாறிப் பார்ப்பாள். அவளுக்குப் புரிந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். மகள் பலகை பிடித்தபோதும் அவளிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிள்ளையின் மனசு நோகக் கூடாது என்பதில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே கட்சி.

நான் எதையும் தொடவில்லை. மெஷினை நிறுத்தவில்லை, குழாயை அசைக்கவில்லை, மணியைக் கழற்றவில்லை. நல்ல கிதாராகப் பார்த்து வாங்கிக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தேன். மகள் மளமளவென்று முன்னேறினாள். தினமும் நாலரை முதல் ஐந்தே கால் வரை. ஆரம்பத்தில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓடிப்போய் அம்மாவைப் பார்த்துவிட்டு வருவாள். பிறகு பத்து நிமிடத்துக்கு ஒருமுறை. பிறகு ஒரு பாட்டு முடிந்ததும். தலை நேரானது. ஒருநாள் குளியலறையில் பாடினாள், கதவைச் சாத்திக்கொண்டு. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பதினோராவது வாரம், வியாழக்கிழமை, அது நடந்தது.

ஐந்தே காலுக்கு ஹெட்போனைக் கழற்றிவிட்டு அம்மாவின் அறைக்குப் போனாள். எனக்குப் போன் செய்தாள். மூச்சு மட்டும் கேட்டது.

டாக்டர் இயற்கைதான் என்று எழுதிக் கொடுத்தார். எல்லாம் காதும் காதும் வைத்தாற்போல் முடிந்திருக்கும். ஆனால் மகள் கிதாரைத் திரும்பத் தொடவில்லை. பள்ளியில் அதே டீச்சரிடம் போய், "எங்கம்மாவ நான்தான் கொன்னேன் மிஸ்" என்று சொல்லியிருக்கிறாள். அழாமல் சொன்னாளாம். டீச்சர் உங்களிடம் வந்தார், நீங்கள் கடைக்காரம்மாவிடம் போனீர்கள், இப்போது நான் இங்கே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். என்னை என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள். அவள் மேல் ஒரு குற்றமும் இல்லை என்று கையெழுத்துப் போட்டு அவள் கையில் ஒரு தாள் கொடுங்கள். அது வரைக்கும் அவள் அதைச் சுமந்துகொண்டுதான் திரிவாள். இப்போது தலை முன்பைவிட அதிகமாகச் சாய்ந்திருக்கிறது.

அதற்காகவே ஒரு திருத்தமும் சொல்லியாக வேண்டும். அவள் கொடுத்த வாக்குமூலத்தை நேற்றுப் படித்துக் காட்டினீர்கள். பள்ளியிலிருந்து வந்த பிறகு அக்கா போய்விட்டார், அப்புறம் வீட்டில் அம்மாவும் நானும் மட்டும்தான், அப்பா ஆபீசில் இருந்தார் என்று அதில் இருக்கிறது. அது சரியில்லை.

அன்று நான் நாலே முக்காலுக்கே வந்துவிட்டேன். அந்த வாரங்களில் பல நாள் அப்படி வந்து, சத்தம் போடாமல் நின்று பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன். கதவைத் திறக்கும்போதே மணி அடித்துக்கொண்டிருந்தது. லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் மணி அடிப்பதை என்னைவிட அதிகம் கேட்டவர்கள் இருக்க முடியாது. முதலில் விடாமல் அழுத்துவார்கள். பிறகு விட்டு விட்டு. அதன் பிறகு யாராவது வருகிறார்களா என்று கேட்பதற்காகக் கொஞ்சம் நிறுத்துவார்கள். அவளும் அப்படி நிறுத்தியபோது நான் மகளின் அறை வாசலில் நின்றிருந்தேன்.

மகள் சட்டென்று வாசிப்பதை நிறுத்தினாள். எப்படித் தெரிந்ததோ தெரியவில்லை. ஹெட்போனை ஒரு பக்கம் விலக்கித் திரும்பினாள். என்னைப் பார்த்ததும் முகத்தில் ஒரு நிம்மதி.

"அப்பா, அம்மா கூப்பிட்டாங்களா?"

"இல்லடா கண்ணு. நீ வாசி. நான் பாத்துக்கறேன்."

சரிப்பா என்று ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். அடுத்த மணி அடித்தபோது குனிந்து கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வெளியே வந்து வாசல் கதவைப் பூட்டினேன். இரண்டு தெரு தள்ளி வண்டியை நிறுத்திவிட்டு, அவள் போன் செய்யும்வரை உட்கார்ந்திருந்தேன்.

இதை அவள் உங்களிடமும் சொல்லவில்லை, டீச்சரிடமும் சொல்லவில்லை. நாலு மாதமாக என்னோடு ஒரே மேசையில் சாப்பிடுகிறாள், என்னிடமும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. மறந்திருப்பாள். சின்னப் பிள்ளைதானே.