ஒரே ஒரு தடவை அப்பீல்

ஸ்ரீரங்கத்தில் பெருமாள் சேவைக்காக இலவச வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு கணவனும் மனைவியும். “தூக்கினது மனுஷனா மிஷினான்னுகூடத் தெரியலைங்க” என்று அந்தப் பெண் சொன்னதும் என் காது அங்கே போய்விட்டது. பெருமாள் மன்னிக்க வேண்டும்.

காந்தி மார்க்கெட் காய்கறி விலையை விவசாயிகளுக்கு விடிவதற்குள் சொல்லும் ஆப் ஒன்றை அவள் செய்திருக்கிறாள். இரண்டு வருஷ உழைப்பாம். போன வாரம் அதை ஆப் ஸ்டோரிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

“ஏற்கெனவே தடை பண்ணின யாரோட அக்கவுன்ட்டுக்கோ எனக்குத் தொடர்பு இருக்காம். யாருதுன்னு கேட்டா பதிலே இல்ல.”

கணவர் வரிசைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

“நீ பிரசவத்துக்குப் புத்தூர் ஆஸ்பத்திரில இருந்தப்ப, என் தம்பிக்கு உன் லேப்டாப்பக் குடுத்தேன்மா.”

“எதுக்கு?”

“கடன் குடுக்கற ஆப் ஒண்ண ஸ்டோர்ல ஏத்தணும்னான். அப்புறம் அவன் அக்கவுன்ட்டைத் தடை பண்ணிட்டாங்க.”

“உங்களுக்கு எப்பத் தெரியும்?”

“அப்பவே. நீ கோவிச்சுப்பேன்னு சொல்லல.”

வரிசை நகர்ந்தது. அவர்கள் நகரவில்லை. பின்னாலிருந்து ஒரு அம்மா, “முன்னால போங்கப்பா” என்றார்.

“நடந்ததை நடந்தபடி எழுதி அனுப்பிடலாம். தப்பு என்னுதுதான்னு போடு.”

“ஒரு தடவைதாங்க அப்பீல் பண்ண முடியும். காலைலயே அனுப்பிட்டேன்.”

“என்னன்னு எழுதின?”

“என்னையும் என் வீட்டுக்காரரையும் தவிர இந்த லேப்டாப்ப யாரும் தொட்டதில்லன்னு.”

சன்னதிக்குள் போனதும் அவள் கண்ணை மூடிக் கை கூப்பினாள். அவர் பெருமாளைச் சேவிக்காமல் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்.