எட்டாவது ரோல்

இல்ல சார், அது மூணும் ஒரே படம் இல்ல. மூணு பேரு எடுத்தது. ஒரே நாள், ஒரே பீச்சு, வரிசையா நின்னு எடுத்தா வேற எப்பிடி இருக்கும்? எங்க ஊருக்குக் கடல் கெழக்கதான இருக்கு, சூரியன் தெனமும் அங்கனதான் வருது. என்னமோ இவங்க போயி கூப்பிட்டுக்கிட்டு வந்தது கணக்கா ஆளாளுக்குக் கீழ பேரு போட்டு வெச்சிருக்காங்க. நடுவுல பெருசா, தங்கக் கலர்ல பிரேம் போட்டு இருக்குல்லா, அது பெவினோடது. பிரேம் அவன் வீட்டுலருந்தே வந்துட்டு. அவங்க அப்பா ஷிப்பிங் ஏஜென்சி வெச்சிருக்காரு.

நீங்க மெதுவா பாருங்க, அவசரம் இல்ல. ஜட்ஜு கூடவே நின்னு வெவரம் சொல்லணும்னு என்னத்தான் போட்டிருக்காங்க. என் பேரு அனுஜா, ப்ளஸ் ஒன். இந்தா, பேட்ஜ்ல இருக்கு.

அதுவா? அது முத்து. முத்துநகர்னு ஊருக்குப் பேரு இருக்குல்லா, அதனால முத்த எடுக்கணும்னு ஒருத்திக்கு ஆச. முத்துக்கு எங்க போறது? அவ அக்கா கல்யாணத்துக்கு வாங்குன பிளாஸ்டிக் மாலைய அத்துப்போட்டு, பக்கத்துல ரெண்டு சிப்பி வெச்சி எடுத்துட்டா. கீழ என்ன எழுதியிருக்கான்னு படிங்க. ஆழ்கடலின் கண்ணீர். கடைல அத அட்டையோட தொங்கப் போட்டுத்தான் சார் விப்பாங்க.

போட்டோ எடுக்கப் படிச்சது ஒரு வருசம். ஜெஃப்ரி சாருதான் எடுக்காரு. வாரத்துல ரெண்டு நாளு, கடைசி பீரியடு. மொதப் பாதி டிஜிட்டல், பின்பாதி பிலிம். டிஜிட்டல்னா ஸ்கூல்ல ஆறு கேமரா, பெவின மாதிரி நாலு பேருக்குச் சொந்தக் கேமரா. ஒருத்தன் ஒரு காக்காய முன்னூறு தடவ எடுப்பான். அந்தக் காக்காயே சலிச்சிப்போயி எந்திரிச்சிப் போயிரும். பொறவு முன்னூறையும் பாப்பான், எரநூத்தித் தொண்ணூத்தொம்பத அழிப்பான். மிச்சம் இருக்குற ஒண்ண அப்பாவுக்கு அனுப்புவான், அவரு சூப்பர்னு போடுவாரு. இவனுங்களுக்கு வெளிச்சம்னா என்னன்னு தெரியாது. இருட்டா இருந்தா ஐஎஸ்ஓவ ஏத்து, வெளிச்சமா இருந்தா எறக்கு, அவ்வளவுதான் படிச்ச படிப்பு.

சாரு சொல்லிக் குடுத்ததுல எல்லாருக்கும் பதிஞ்சது ஒண்ணே ஒண்ணுதான். அந்த நொடிய விட்றாதீங்கடே, போனா வராது. தெனம் சொல்லுவாரு.

வாங்க, பிலிம் போர்டு இந்தப் பக்கம். இது பரவால்ல சார். முப்பத்தாறு படம் ஒரு ரோலு. ரெண்டு பேருக்கு ஒரு கேமரா, ஒரு ரோலு, ஆளுக்குப் பதினெட்டு. எடுத்தத பாக்க முடியாது, அழிக்க முடியாது. அதச் சொன்ன அன்னைக்குத்தான் எங்க க்ளாஸு மொத தடவையா வாய மூடிக்கிட்டு இருந்துச்சி.

என்ன சார் எண்ணுதிய? ஆமா, மேல எட்டு ரோலுன்னு எழுதியிருக்கு, ஏழுதான் ஒட்டியிருக்கு. காலைலருந்து எத்தனையோ பேரு வந்துட்டுப் போயிட்டாங்க, நீங்கதான் எண்ணுனிய. எட்டாவது ரோலு கெட்டுப்போச்சி. ஒரு புள்ள கவனம் இல்லாம பிலிம் கழுவுற டேங்க தொறந்துட்டா. கேட்டா அப்பிடித்தான் சொல்லணும்னு சாரு சொல்லியிருக்காரு. சொல்லிட்டேன்.

மிச்சமா? மிச்சம் கேக்கணும்னா செத்த நேரம் ஆவும். சரி, கேளுங்க.

சுடலைச்செல்வின்னு பேரு. ஸ்ரீவைகுண்டத்துக்கு அங்கிட்டு ஒரு ஊரு. அப்பா வயல் வெச்சிருக்காரு, இவ இங்க ஹாஸ்டல்ல இருக்கா. அதுவரைக்கும் கேமராவ கையால தொட்டது கெடயாது. மொத நாளு லென்ஸு மூடிய கழட்டாமலே கண்ண வெச்சிப் பாத்துக்கிட்டு நின்னா. க்ளாஸே உருண்டு பெரண்டு சிரிச்சிச்சி. நானும்தான். ஆனா பிலிம்னு வந்த பொறவு அவ அளவுக்கு ஒருத்தனும் வரல. ஒவ்வொரு படத்துக்கும் நோட்டுல எழுதுவா. வெயிலு எந்தப் பக்கம், எத்தன மணி, எதுக்கு எடுத்தேன். சாருக்கே அவ்வளவு பொறும கெடயாது.

அவளையும் பெவினையும் ஒரு ஜோடியா போட்டாரு. ரெண்டு பேருக்கும் சேத்து ஒரு கேமரா.

பிலிம் எடுக்கன்னு ஒருநா வேன்ல கூட்டிட்டுப் போனாங்க. செல்லு கொண்டாரக் கூடாது, டிஜிட்டலும் கூடாது, பிலிம் மட்டுந்தான். மொதல்ல திரேஸ்புரம். அங்கன சங்கு குளிக்கிறவங்க படகு வந்து நின்னுச்சி. எல்லாவனும் படகுல எழுதியிருக்குற பேர எடுக்கான், நங்கூரத்த எடுக்கான், நாய எடுக்கான். செல்வி மட்டும் ஒரு ஆளுக்கிட்ட போயி, அண்ணாச்சி, ஒங்கள ஒண்ணு எடுத்துக்கிடட்டான்னு கேட்டா. அவரு சிரிச்சிக்கிட்டு, எடுத்துக்கோ தாயின்னுட்டு நெஞ்ச நிமித்தி வெறப்பா நின்னாரு. இவ எடுக்கல. அரமணி நேரம் சும்மா பக்கத்துலயே ஒக்காந்திருந்தா. அவரும் இவள மறந்துட்டாரு. கண்ணாடிய மாட்டிக்கிட்டு ஒருக்கா முங்கிட்டு வந்து, படகு ஓரத்தப் புடிச்சிக்கிட்டு அதக் கழட்டுனாரு. மொகத்துல கண்ணாடி அமுக்குன தடம் வட்டமா, ஆழமா இருந்துச்சி. ஒரு மொகத்துக்குள்ள இன்னொரு மொகம் மாதிரி. அப்ப ஒரே ஒரு தடவ அமுக்குனா. சாரப் பாத்து, எனக்கு இது போதும் சார், மிச்சத்த பெவினே எடுத்துக்கிடட்டும்னு சொல்லி கேமராவக் குடுத்துட்டா.

அங்கருந்து பீச்சு. மணி பதினொண்ணு இருக்கும், வெயிலு மண்டையப் பொளக்குது. அங்க வெச்சிதான் எங்க க்ளாஸ் புள்ள ஒண்ணு விழுந்துட்டு. பேரு வேண்டாம் சார். வலிப்பு. அதுக்கு முன்னால வந்ததே இல்ல, வீட்டுக்கே தெரியாது. நாக்கக் கடிச்சி, வாயில நொர தள்ளி, யூனிபார்ம் எல்லாம் ஈரமாயி… விடுங்க. சுண்டல் விக்கிறவரு ஓடியாந்து கையில சாவிக்கொத்தத் திணிச்சாராம். சாரு ஆட்டோ புடிக்க ரோட்டுக்கு ஓடிட்டாரு. செல்விதான் பக்கத்துல ஒக்காந்து, ஒருக்களிச்சிப் படுக்கப் போட்டு, பைய மடிச்சித் தலைக்குக் குடுத்து, தன் ஷால எடுத்து இடுப்புக்குக் கீழ மூடியிருக்கா.

பெவின் என்ன செஞ்சான்? படம் எடுத்தான். சுத்திச் சுத்தி வந்து எடுத்தானாம். ஒருக்கா அமுக்குவான், பிலிம நகத்துற லிவர இழுப்பான், திரும்பி அமுக்குவான். அந்த லிவரு சத்தந்தான் கேட்டுக்கிட்டே இருந்துச்சாம். ஏலே, போயித் தண்ணி கொண்டாலேன்னு செல்வி கத்துனதுக்கு, இரு, ஒரே ஒண்ணுன்னு சொல்லியிருக்கான் அந்த மூதி. மன்னிச்சிக்கிடுங்க சார், வாய்ல வந்துட்டு.

நானா? நான் பாக்கலையான்னா? அங்கனதான் இருந்தேன். பாக்க முடியல.

அவன் கெட்டவன் இல்ல சார். கெட்டவனா இருந்தாக்கூடத் தேவல. அவனுக்கு அது ஒரு ஆளுன்னே தோணல, அவ்வளவுதான். நொடிய விடக் கூடாதுன்னு படிச்சான், விடல. மறுநா வந்து க்ளாஸ்ல சொன்னானாம், எங்கிட்ட ஒரு படம் இருக்கு, மாவட்டத்துலயே எவங்கிட்டயும் இருக்காதுன்னு. செல்வி எந்திரிச்சி நின்னு, சார், அவகிட்ட கேக்காம அந்தப் படத்தப் போடக் கூடாதுன்னு சொன்னாளாம். அன்னைக்கு அந்தப் புள்ள ஸ்கூலுக்கு வரல. சாரு என்ன சொல்லியிருக்கணும்? நீங்களே சொல்லுங்க. அவரு சொன்னாராம், மொதல்ல டெவலப் பண்ணிப் பாப்போம்மா. படம் ஸ்ட்ராங்கா இருந்தா மொகத்த மறைச்சி ப்ரிண்ட் போட்டுக்கிடலாம். மொகத்த மறைச்சா போதுமா சார்? எங்க ஸ்கூல்ல யாரு விழுந்தான்னு வாட்ச்மேனுக்குக்கூடத் தெரியும்.

நாலாம் நாளு டெவலப்பு. டார்க் ரூம்னா பெருசா நெனைக்காதிய. பயாலஜி லேபுக்குப் பின்னால சாமான் போட்டுவெச்சிருந்த அற. ஜன்னல்ல கறுப்புச் சார்ட்ட ஒட்டி, கதவுக்கு அடியில சாக்கத் திணிச்சி வெச்சிருக்கோம். செவப்பு லைட்டு இருக்கும்னு எல்லாவனும் ஆசயா வந்தான். அது ப்ரிண்ட் போடுற பேப்பருக்கு, பிலிமுக்கு எந்த லைட்டும் ஆவாதுன்னு சாரு சொன்னதும் மொகம் செத்துப்போச்சி. கும்மிருட்டுல தடவித்தான் பிலிம சுத்தி டேங்குல போடணும். மூடிய அழுத்தித் திருக்கி மூடிட்டா பொறவு லைட்டப் போட்டுக்கிடலாம். மூடியில ஒரு ஓட்ட இருக்கு, அதுவழியா மருந்து ஊத்தி எட்டு நிமிஷம் ஆட்டணும். அதுக்குள்ள தொறந்தா மொத்தமும் போச்சி.

அவங்க ரோல சுத்துனது செல்வி. பெவின் உள்ளயே வரல, மருந்து நாத்தம் அவனுக்கு ஆவாதாம். உள்ள அவளும் நானும் மட்டுந்தான். நிமிஷம் எண்ணிச் சொல்லுறதுக்கு சாரு என்னப் போட்டிருந்தாரு. லேசான வேல, நீ ஒக்காந்தே பண்ணும்மான்னு சொன்னாரு.

ரெண்டு நிமிஷம்னு சொன்னேன். ஆட்டிக்கிட்டே இருந்தா. மூணுன்னு சொன்னேன். நிறுத்திட்டா. டேங்க மேசைல வெச்சா. மேல ட்யூப் லைட்டு எரியுது. மூடியப் பாத்தா, என்ன ஒரு தடவ பாத்தா, ரெண்டு கையாலயும் திருக்கித் தொறந்துட்டா. பிலிம வெளிய எடுத்து லைட்டுக்கு நேரா புடிச்சி, ஒரு முழம் உருவிக்கூட விட்டா. பொறவு அத அப்பிடியே உள்ள தள்ளி, மூடிய மூடி, கை வழுக்கிட்டுளா, போயி சாரக் கூப்புடுன்னு சொன்னா. கொரலு நடுங்கல.

முப்பத்தாறும் கறுப்பு. அந்தச் சங்கு குளிக்கிற அண்ணாச்சியும் போயிட்டாரு. அவ அந்தப் படத்த ஒருநாளும் பாக்கல சார். எப்பிடி வந்திருக்கும்னுகூட அவளுக்குத் தெரியாது. டிஜிட்டலா இருந்தா இத அழிச்சிருக்க முடியுமா? சாயந்தரத்துக்குள்ள நாப்பது செல்லுக்குப் போயிருக்கும். பிலிமுங்கிறதாலதான் ஒரு மூடியோட முடிஞ்சிச்சி. இந்த ஒண்ணுக்காகவே அந்தப் படிப்புக்கு நான் கும்பிடு போடுதேன்.

பெவின் அழுதான். நெசமாத்தான், கண்ணுல தண்ணி ஓடுது. வலிப்பு வந்து கெடந்தவளுக்கு வராத கண்ணீரு ரோலுக்கு வந்துச்சி. சாரு செல்விய பிலிம் பேட்ச்லருந்து எடுத்துட்டாரு. கவனக்குறைவுன்னு ரிப்போர்ட்டுல எழுதி அவங்க அப்பாவ வரச் சொன்னாங்க. அவரு பேரு செந்தூர்பாண்டி. நாத்து நடவு நாளு, வேலைய விட்டுட்டு பஸ் ஏறி வந்து, ஸ்டாப் ரூம் வாசல்ல நின்னாரு. சாரு அந்த டேங்கக் காட்டி, கெமிக்கலு, பிலிமு, ஒரு பையனோட உழைப்புன்னு கால்மணி நேரம் பேசுனாரு. அவரு எல்லாத்தையும் கேட்டுட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாரு. இந்த மூடி அவ்வளவு லேசாவா சார் தொறந்துக்கிடுது? சாரு சொன்னாரு, அது எப்பிடி லேசா தொறக்கும், அழுத்தித் திருக்கணும்லான்னு. சொல்லிட்டு, தான் என்ன சொன்னோம்னு அவருக்கே வெளங்கல. அப்பாவுக்கு வெளங்கிட்டு. மகளப் பாத்தாரு. சாப்பிட்டியாளான்னு கேட்டுட்டு, நடவுக்குக் கெளம்பிப் போயிட்டாரு.

செல்வி இன்னைக்கு வரல சார், ஹாஸ்டல்ல இருக்கா. படம் இல்லாதவங்க வர வேண்டாம்னுட்டாங்க. ஏளா, வேணும்னே தானளா தொறந்தன்னு ரெண்டு தடவ கேட்டேன். கை வழுக்கிட்டுன்னுதான் சொல்லுதா. அவளுக்குத் தெரியும், எனக்குத் தெரியும்னு.

எழுதுங்க, எழுதுங்க. பெவினுக்குத்தான மொதப் பரிசு? குடுங்க சார், சூரியன் என்ன தப்பு பண்ணிச்சி.

அந்தப் புள்ளயா? இப்ப எப்பிடி இருக்கான்னா? நல்லாத்தான் சார் இருக்கேன். காலைல ஒரு மாத்திர, ராத்திரி ஒரு மாத்திர. அஞ்சு மாசமா ஒண்ணும் வரல.

என்ன சார் நிறுத்திட்டிய, பேனா எழுதலையா? இந்தாங்க, என் பேனால எழுதுங்க.