எண்பதாவது நிமிஷம்

இல்ல சார், தொண்டைக்கு ஒண்ணுமில்ல. டிரம்காரர் அப்படித்தான் சொல்லுவாரு. டாக்டர் கத்தக் கூடாதுன்னு சொல்லிட்டாருன்னு நான் விட்ட புளுகை பாவம் இன்னும் நம்பிக்கிட்டிருக்காரு. உங்ககிட்ட ஏன் உண்மையச் சொல்றேன்னா, நீங்க வெளியூரு. மேட்ச் முடிஞ்சா பஸ் ஏறிடுவீங்க.

அந்த சீட்டு வேணாம், முதுகு ஒடிஞ்சது. இப்படி வாங்க.

ஆமா, அவங்க எல்லாம் என்னைத்தான் திரும்பித் திரும்பிப் பாக்கறாங்க. எண்பதாவது நிமிஷத்துக்காக. எங்க ஃபுட்பால் கிளப்புல அது ஒரு வழக்கம். எண்பது ஆனதும் எல்லாரும் எந்திரிச்சு நிப்போம். ஒரே ஒரு ஆள் கத்துவாரு, இது யாரு மைதானம்னு. மொத்தக் கூட்டமும், எங்க மைதானம்னு திருப்பிக் கத்தும். மூணு தடவை. அந்த ஒரு ஆள் அப்போ நான்தான். மில்லு சங்கு மாதிரி குரல்னு எனக்குப் பேரே சங்கு. ரயில்வே கேட்டுல நிக்கறவனுக்குக் கேக்கும்பாங்க. நான் விட்டப்புறம் நாலஞ்சு பேர் கத்திப் பாத்தாங்க, எடுபடலை. இன்னிக்குக் கடைசி மேட்ச், நாளைலேர்ந்து கிளப்பே கிடையாது, இன்னிக்கு ஒருநாளாவது கத்துய்யான்னு காலைலேர்ந்து ஒரே பிடுங்கல்.

எத்தனை ஆச்சு? அறுபத்திரண்டா. சரி.

அந்த ஸ்கோர் பலகையைப் பாருங்க. தகடு மாட்டறாரே, எங்க பக்கத்துக்கு அவருக்கு சைபர் தகடு ஒண்ணே போதும். மத்ததெல்லாம் புதுசு குலையாம இருக்கு. எதிர் டீம் பக்கத்து நாலும் அஞ்சும்தான் மாட்டி மாட்டித் தேஞ்சுபோச்சு. சிரிக்காதீங்க, முதல் டிவிஷன்ல ஆடின டீம் சார் இது. பன்னெண்டாயிரம் பேர் நெருக்கியடிச்ச இடம். இப்ப எண்ணினா எழுபது தேறாது, அதுலயும் பத்து பேர் வெயிலுக்கு ஒதுங்கினவங்க. எங்க லெஃப்ட் பேக் இருக்காரே, பார்சல் குடுக்கற வேலை அவருக்கு. போன மாசம் பாதி மேட்சுல ஃபோன் வந்து கிளம்பிட்டாரு.

ஏன் இப்படி ஆச்சுன்னு கேட்டா ஆளுக்கு ஒண்ணு சொல்வாங்க. நிர்வாகம் சரியில்ல, கோச் சரியில்ல. பேப்பர்காரன் அரைப் பக்கம் எழுதினான். ஒருத்தனும் சரியாச் சொல்லலை. கீப்பர் இல்ல சார், அதான் விஷயம். பதினோரு வருஷத்துல பதினாலு கீப்பர். நல்லாத்தான் வருவான் ஒவ்வொருத்தனும். ஒரு பந்தை விட்டான்னா போதும், நம்ம ஆளுங்களே, எதிராளி இல்ல, நம்ம ஆளுங்களே சல்லடை சல்லடைன்னு கைதட்டி ராகம் போட ஆரம்பிச்சிடுவாங்க. அப்புறம் அவனுக்குக் கை எங்க நிக்கும்? அந்த ஊருக்கு மட்டும் போயிடாதேடான்னு கீப்பருங்க ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கற அளவுக்கு ஆயிடுச்சு. நான் கரண்ட் மீட்டர் ரீடிங் எடுக்கறவன், வீடு வீடாப் போறவன். தெருவுல ரெண்டு செங்கல் வெச்சு ஆடற பசங்ககூட கீப்பரை சல்லடைன்னுதான் கூப்பிடுதுங்க.

முதல் சல்லடை யாருன்னா, எங்க மாமா. அக்கா வீட்டுக்காரர். ஒரு சீசன் முழுக்க மொத்தமே ஒன்பது கோல்தான் விட்டாரு, அந்த மனுஷன். கோப்பை அரையிறுதி அன்னிக்கு, மழை. ஒண்ணுமில்லாத பந்து சார், கைக்குழந்தை உருட்டிவிட்ட மாதிரி வந்துச்சு. குனிஞ்சாரு. ரெண்டு காலுக்கும் நடுவுல போயிடுச்சு. பன்னெண்டாயிரம் பேரும் மூச்சு விடலை. அந்த அமைதியில ஒரே ஒரு குரல், ஏய் சல்லடைன்னு. அவ்வளவுதான். மைதானமே சிரிச்சுது. அழவேண்டிய நேரத்துல சிரிப்பு வந்துட்டா நிக்காது பாருங்க, அந்த மாதிரி.

அப்புறம் நாலு மேட்ச் ஆடினாரு. அஞ்சாவதுக்கு டிரஸ்ஸிங் ரூமை விட்டு வரலை. கிளவுசைக் கழட்டி பெஞ்சுல வெச்சிட்டு பின்கதவு வழியாப் போயிட்டாரு. இப்ப அக்காவோட தையல் கடை, பின்னாடி ஜன்னல் இல்லாத ஒரு ரூம், அதுல நின்னு இஸ்திரி போடறாரு.

யோவ் டிரம்மு, இருய்யா! இன்னும் நேரம் இருக்குல்ல?

நான் அவங்க வீட்டு மாடி ரூம்ல இருக்கேன். கல்யாணம் அமையலை. மேட்ச் இருக்கற ஞாயித்துக்கிழமையெல்லாம் நான் இங்க வரணும், முழுசாப் பாக்கணும், போய் மாமாகிட்ட சொல்லணும். அக்கா போட்ட சட்டம். டீம் இருக்கற வரைக்கும் நீ போற, வந்து அவர்கிட்ட சொல்றன்னு ஒரு தடவைதான் சொன்னா. காய்ச்சல்னாலும் குடையை எடுத்து வாசப்படி கிட்ட வெச்சிடுவா. ஒருதரம் சினிமாவுக்குப் போயிட்டு, ஸ்கோரை மட்டும் விசாரிச்சுட்டு வந்து கதை விட்டேன். மாமா சாப்பாட்டு மேசையில டம்ளரு, உப்பு ஜாடி எல்லாத்தையும் அடுக்கி, கீப்பர் எங்கடா நின்னான்னாரு. ஜாடியை நகத்திக் காட்டினேன். அங்க நின்னா அந்த கோல் விழாதேடான்னாரு. அக்கா என்னை ஒரு பார்வை பாத்தா. அதுலேர்ந்து ஒரு மேட்ச் தவறினதில்ல. டீம் தோத்துக்கிட்டே போகுது, நான் தோத்த கதையைச் சொல்லிக்கிட்டே இருக்கேன்.

எல்லாம் சொல்லி முடிச்சதும் கடைசியா ஒரு கேள்வி கேப்பாரு. எப்பவும் அதே கேள்விதான். அந்தாளு வந்திருந்தானாடா? முதல்ல கத்தினானே, அவன். நான் தட்டைப் பாத்துக்கிட்டே, வரலை மாமான்னு சொல்லுவேன். கோவமாக் கேட்டா பரவாயில்ல. ஊருக்குப் போன சொந்தக்காரனை விசாரிக்கற மாதிரி கேப்பாரு.

டீக்கடையில நாலு பேர், அந்தப் பேரை வெச்சதே நான்தான்னு மார் தட்டிக்கறாங்க. அன்னிக்கு மழையில, குடைக்கு நடுவுல, எவன் வாயிலேர்ந்து வந்துச்சுன்னு எவனுக்குத் தெரியும்? எல்லாருக்கும் தானே கத்தின மாதிரி ஒரு ஞாபகம். அவங்க துணி குடுக்க வந்தா மாமா பேச்சுக் குடுத்துப் பாப்பாரு. போனதும், இவன் இல்லடான்னு சொல்லிட்டு இஸ்திரிப் பெட்டியை எடுத்துத் தேய்ப்பாரு.

எழுபத்தாறா? ரெண்டாவது வரிசையில, கோலுக்கு நேர் பின்னால பச்சைத் தொப்பி தெரியுதா? அதான் மாமா. பக்கத்துல அக்கா. பதினோரு வருஷம் கழிச்சு இன்னிக்குத்தான் உள்ள வந்திருக்காரு. காலையில சட்டையை மாட்டிக்கிட்டு, நானும் வரேன்டா, இன்னிக்கு அந்தாளு கண்டிப்பா வருவான், எண்பதாவது நிமிஷத்துல அவனால வாயை மூடிக்கிட்டு இருக்க முடியாதுன்னாரு.

என்ன சார் அப்படிப் பாக்கறீங்க?

வீட்டுல நான் சத்தமாப் பேசறதில்ல. மாடிலேர்ந்து கூப்பிட மாட்டேன், இறங்கி வந்துதான் பேசுவேன். கதவுல விரல் நசுங்கினப்பகூட துண்டை வாயில அடைச்சுக்கிட்டேன். அந்த அரையிறுதி அன்னிக்கு நீங்க உக்காந்திருக்கற இடத்துலதான் அக்கா உக்காந்திருந்தா. ஃபிளாஸ்க்லேர்ந்து காபி ஊத்திக்கிட்டிருந்தா. நான் கத்தினதும் ஊத்தறதை நிறுத்தினா. மூடியைத் திருகி மூடினா. இன்னிக்கு வரைக்கும் ஒரு வார்த்தை கேக்கலை.

யோசிச்சுக் கத்தலை சார். இந்த சீட்டுல உக்காந்தா எனக்கு அக்காவும் கிடையாது, மாமாவும் கிடையாது.

அவருக்குத் தெரியாமலா இருக்கும்னா கேக்கறீங்க? ஒவ்வொரு மேட்சுலயும் முதுகுக்குப் பின்னால இந்தக் குரலைக் கேட்டு நின்ன மனுஷன். அதைத்தான் சார் பதினோரு வருஷமா, மாடியில படுத்துக்கிட்டு நானும் யோசிக்கறேன். அடுத்த ஞாயித்துக்கிழமை மேட்ச் இல்ல. சொல்றதுக்கு ஒண்ணுமில்ல. மேசையில அந்த ஒரு கேள்விதான் மிச்சம்.

டிரம் நின்னுடுச்சு. மாமா தொப்பியைக் கழட்டி மடியில வெச்சிட்டாரு. திரும்பலை பாருங்க, காதை மட்டும் இந்தப் பக்கம் சாய்ச்சிருக்காரு.

தண்ணி இருந்தா ஒரு வாய் குடுங்க. காலைக் கொஞ்சம் மடக்கிக்குங்க சார், நான் எந்திரிக்கணும்.