மூத்த மருமகனுக்குப் பெரியது

போன் வாங்குகிறவர்கள் சின்னதாக வாங்குவதுதான் நல்லது, ஐயா. பெரியது கண்ணுக்கு நிறைவாக இருக்கும். ஆனால் கையால் வேலை செய்கிறவனுக்கு அது ஒத்துவராது. இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டியதில்லை. தெரிந்து வைத்துக்கொள்ளலாம்.

நான் பெரியகல்லாற்றில் கலியாணம் முடித்தவன். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய் இருப்பது. என் மனைவி கேதீஸ்வரி மூத்தவள். அவளுடைய தங்கை மேனுகாவின் கணவன் நிலோஜன். ஒரே வளவில் அடுத்தடுத்த வீடுகளில் இருந்தோம். நடுவில் வேலி இல்லை. யாருக்கு என்ன கிடைத்தது என்பது எல்லோருக்கும் தெரியும். கொடுவா மீன் பட்டால் மாமி தலைத்துண்டை எனக்கு வைப்பார், வால்துண்டை நிலோஜனுக்கு வைப்பார். அதில் யாருக்கும் மனக்குறை இருந்ததில்லை. வாலைச் சாப்பிட்டவனுக்கும் இல்லை.

மனைவியின் தம்பி டிலக்சன் கட்டாரில் இருக்கிறான். ஊருக்கு வந்த ஒருவரிடம் எங்கள் இருவருக்கும் போன் கொடுத்துவிட்டான். ஒன்று பெரியது, மற்றது சின்னது. பேசி எடுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தான். பேச என்ன இருக்கிறது. மாமி இரண்டையும் மேசையில் வைத்தார்.

“மூத்த மருமகன் முதல் எடுக்கட்டும்” என்றார்.

நான் பெரியதை எடுத்தேன். மீனில் எடுப்பதுபோலத்தான் எடுத்தேன். நிலோஜன் மற்றதை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான்.

“எனக்கு இது காணும் அண்ணன். மடிக்குள்ள அடங்கினாச் சரி” என்றான்.

நாங்கள் வாவியில் தொழில் செய்கிறவர்கள். போனைப் பொலித்தீன் பையில் போட்டு, முடிச்சுப் போட்டு, இடுப்பில் கட்டிய சாரத்தின் மடியில் வைத்து இறுக்கிச் செருகிக்கொள்வோம். தண்ணீரில் இறங்கினாலும் ஒன்றும் ஆகாது. என்னுடையதை அப்படி வைக்க முடியவில்லை. மடியில் வைத்தால் சாரத்தை இழுத்துக்கொண்டு கீழே போனது. கோயில் கூட்டத்தில் ஒருநாள் எழுந்து கருத்துச் சொல்லப்போய், சாரத்தைப் பிடித்துக்கொண்டு திரும்ப உட்கார்ந்தேன். என்ன கருத்து என்று யாரும் கேட்கவில்லை.

அதன்பிறகு வீட்டில் வைத்துவிட்டுப் போனேன். அதில் கேதீஸ்வரி நாடகம் பார்த்தாள். மாமி கட்டாருக்குப் பேசினார். மீன் வியாபாரிகள் நிலோஜனின் போனுக்கு எடுத்தார்கள். எங்கே நிற்கிறீர்கள், என்ன பட்டது என்று அவனிடம் கேட்டார்கள். தோணி என்னுடையது. மாரி தொடங்கும்போது அதை நிலோஜனின் தோணி என்று சொல்லத் தொடங்கியிருந்தார்கள். நான் யாரையும் திருத்தவில்லை. திருத்துவதற்கு அவர்களுக்கு நான் போன் எடுக்க வேண்டுமே.

பிறகு போனுக்கு ஒரு கவர் வாங்கக் கல்முனையில் றிஸானின் கடைக்குப் போனேன். நிலோஜனின் போனைப் பற்றியும் பேச்சு வந்தது. பெயரைச் சொன்னேன்.

“அது புது மொடல் அண்ணன். அதை வித்தா இதுல ரெண்டு எடுக்கலாம்” என்றான் றிஸான்.

“இது பெரிசெல்லோ?”

“பெரிசெண்டா? இதென்ன தேங்காயா, பாத்து எடுக்க?”

கடையில் நின்றவர்களும் சிரித்தார்கள். நான் கவர் வாங்காமல் வந்துவிட்டேன்.

அன்றே நிலோஜனிடம் முறையாகக் கேட்டேன். முற்றத்தில் எல்லோரும் இருந்தார்கள். ஒளித்துக் கேட்க அதில் ஒன்றுமில்லை.

“தம்பி, போனை மாத்துவமா? உனக்குப் பிள்ளை இருக்கு. படம் பாக்க அதுக்குப் பெரிசு நல்லம்.”

“மூத்த மருமகனுக்கு ஏன் அண்ணன் சின்னச் சாமான்? மாமி எனக்கெல்லோ ஏசுவா” என்றான்.

மாமி சிரித்தார். மேனுகா சிரித்தாள்.

“சாரத்துக்கு ஒரு பெல்ட் வாங்கிக் குடுகா உன்ர மனிசனுக்கு” என்று தன் அக்காவிடம் சொன்னாள்.

கேதீஸ்வரியும் சிரித்தாள். அவள் சிரிக்காமல் இருந்திருக்கலாம்.

நிலோஜன் கெட்டவன் அல்ல. அதைச் சொல்லிவிட வேண்டும். பகிடிக்காரன், அவ்வளவுதான். அடுத்தநாள் விடிந்ததும் வழக்கம்போலத் தோணியில் போனோம். மழை விட்டிருந்தது, காற்று விடவில்லை. தண்ணீர் கடலுக்குப் போக முகத்துவாரம் இன்னும் வெட்டாததால் வாவி நிரம்பிக் கிடந்தது. மற்ற நாட்களில் நெஞ்சளவு நிற்கும் இடத்திலும் கால் எட்டாது.

அவன் முன்னால் நின்று வலை வீசுவான். நான் பின்னால் கம்பு ஊன்றுவேன். வீசுகிறவன் உடம்பைத் திருப்பி எறியும்போது தோணி அசையாமல் கம்பை அழுத்திப் பிடிக்க வேண்டும். அது என் வேலை. தோணியை நான் ஆட்டினேன் என்று மேனுகா சொல்லியிருக்கிறாள். அது பொய். நான் ஆட்டவில்லை. கம்பை அழுத்தவில்லை.

வலைக்கயிற்றை மணிக்கட்டில் கட்டிக்கொண்டுதான் வீசுவது. ஆகவே அவன் விழுந்தபோது வலையும் அவனோடு போனது. ஈயக்குண்டு வைத்த வலை. காலில் சுற்றிக்கொண்டது. ஆனாலும் மேலே வந்தான். வலை இழுத்த கை தண்ணீருக்குள் இருந்தது. மற்றக் கையால் தோணியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு இருமினான். சிரிக்கவும் செய்தான்.

“வலை சுத்திற்று அண்ணன். தூக்குங்க.”

“போனைத் தா முதல். நனையப்போகுது” என்றேன்.

பையில் இருப்பது நனையாது என்பது அவனுக்கும் தெரியும். இருந்தாலும் அண்ணன் கேட்டால் மறுக்கிறவன் அல்ல. விளிம்பை விட்டுவிட்டு அந்தக் கையால் மடியை அவிழ்த்தான். ஒருதரம் உள்ளே போய் வந்தான். பையை மேலே நீட்டினான். வாங்கிக்கொண்டேன். காற்றில் தோணி கொஞ்சம் விலகியிருந்தது.

பூட்டு நம்பர் என்ன என்று கேட்டேன். அப்போது கேட்காவிட்டால் பிறகு கேட்க முடியாது என்று தோன்றியது.

“நம்பர் இல்ல, விரல் வைக்கணும். அண்ணன், பகிடி விடாதீங்க. மேனுகா...” என்றான்.

மேனுகாவிடம் என்ன சொல்ல வேண்டும் என்பதை அவன் சொல்லவில்லை.

கரைக்கு வந்து சத்தம் போட்டேன். குதித்துத் தேடினேன், கிடைக்கவில்லை என்று சொன்னேன். சாரத்தை நனைத்துக்கொண்டுதான் வந்திருந்தேன். மற்றத் தோணிக்காரர்கள் போய் உடலை எடுத்தார்கள். போன் தண்ணீரோடு போய்விட்டது என்று அவர்களாகவே முடிவு செய்தார்கள்.

செத்த வீட்டில் நான் அவன் பக்கத்திலேயே இருந்தேன். அவன் கையை என் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டிருந்தேன். சொந்தத் தம்பிக்குக்கூட ஒருவன் இப்படி இருக்கமாட்டான் என்று பெண்கள் சொன்னார்கள். பெருவிரலை வைத்துப் பார்த்தேன். சுட்டுவிரலையும் வைத்துப் பார்த்தேன். செத்த விரலுக்குத் திறக்காது போலிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் என் கைக்குள் போன் அதிர்ந்தது.

மேனுகா தலைமாட்டில் இருந்தாள். அவள் அழுகையை நிறுத்தியதை நான் கவனிக்கவில்லை. என் கையை விரித்தாள். போனையும் அந்தப் பொலித்தீன் பையையும் பார்த்தாள்.

“மச்சான், இது அவர்ர மடியில இருந்ததெல்லோ. அவர் அவிழ்த்துத் தராம உங்களுக்கு எப்படி வந்த?”

பையை எடுத்து எல்லோருக்கும் காட்டினாள்.

“கையில வாங்கியிருக்கீங்க. அவ்வளவு கிட்ட நிண்டிருக்கீங்க.”

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் துக்கத்தில் பேசுகிறாள் என்று சொல்லியிருப்பேன். மாமி என்னைப் பார்த்தார். பிறகு என் மனைவி எழுந்து தங்கையின் பக்கத்தில் போய் இருந்தாள். பொலிசுக்குப் போன் எடுத்து உங்களை வரச் சொன்னவளும் அவள்தான். என்னுடைய போனில்தான் எடுத்தாள்.

கம்பு கையில்தானே இருந்தது, ஏன் நீட்டவில்லை என்று கேட்கிறீர்கள். அதை நான் யோசிக்காமல் இல்லை. நீட்டினால் எட்டும் தூரம்தான். அவனும் பிடித்திருப்பான். நீச்சல் தெரிந்தவன், பலசாலி, ஒரு இழுவையில் தோணிக்குள் வந்திருப்பான். ஆனால் ஐயா, வந்ததும் அவன் முதலில் போனைத்தான் திருப்பிக் கேட்டிருப்பான்.