லாரிக்குக் காற்று ஏறும் நேரம்

"லாரிக்கும் மூச்சு வாங்குமா மாமா?" என்று என் மருமகள் ஒருநாள் கேட்டாள். என் தங்கையின் ஒரே பெண். வயசான லாரிக்கு நிறையவே வாங்கும் கண்ணு, அதுக்கு நாடி பார்க்கிற வைத்தியர்தான் மாமா என்றேன். அவளுக்கும் மூச்சிரைப்பு உண்டு. அதனால் லாரிகள்மேல் பரிதாபம் வந்துவிட்டது. அன்று முதல் படுக்கும்முன் கடவுளிடம், "அப்பா லாரிக்கு இருமல் நிக்கணும்" என்று வேண்டிக்கொள்வாள். தனக்கென்று அவள் வேண்டிக் கேட்டதில்லை.

சம்பவத்தை மட்டும் சொல்லச் சொல்கிறீர்கள் ஐயா. அதைத்தான் சொல்கிறேன். அது இங்கேதான் தொடங்குகிறது.

நான் வேலை செய்வது கனரக டீசல் லாரிகளின் புகைச் சோதனை நிலையத்தில். சோதனை எளிது. மெஷினின் குழாயை லாரியின் புகைபோக்கிக்குள் முழுவதும் செருக வேண்டும். வண்டி நியூட்ரலில் நிற்க, ஆக்ஸிலேட்டரை அடிவரை மிதித்து விட வேண்டும், மறுபடி மிதிக்க வேண்டும். வரும் புகை எவ்வளவு கறுப்பு என்று மெஷின் சொல்லும். அளவு தாண்டினால் தோல்வி. பழுது பார்க்கும்வரை வண்டி சாலையில் ஏறக் கூடாது. ஆனால் குழாயை ஒரு சாண் வெளியே இழுத்து வைத்தால் வெளிக்காற்றும் சேர்ந்து உள்ளே போகும். மெஷின் ஏமாந்துவிடும்.

முகம் வாடி நிற்கிற டிரைவர்களுக்காக நான் அந்த ஒரு சாண் இழுத்திருக்கிறேன். யாரிடமும் ஒரு டீகூட வாங்கிக் குடித்ததில்லை. இரக்கம் என்றுதான் நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

என்னோடு வேலை பார்க்கிற ஒருவருக்குக் 'கறார் அக்கா' என்று டிரைவர்கள் பெயர் வைத்திருந்தார்கள். அவர் கையில் குழாய் ஒரு விரல்கூட நகராது. தோல்வி என்று எழுதிவிட்டு, "திட்டணும்னா நல்லா திட்டிக்குங்க. முதல்ல இந்த டீயைக் குடிங்க" என்பார். பிறகு அவரே காற்று ஃபில்டரைக் கழற்றித் தூசி ஊதிக் கொடுப்பார், எந்த மெக்கானிக் ஏமாற்ற மாட்டான் என்று சொல்லி அனுப்புவார். எனக்கு அது நடிப்பாகத் தெரிந்தது. தோற்கடித்துவிட்டு டீ எதற்கு?

என் தங்கை கணவர் ஓட்டிய லாரியையும் அவர்தான் தோற்கடித்தார். "டீசல் பீச்சுற நாசில் போயிடுச்சு. உங்க முதலாளிகிட்ட நானே வந்து பேசறேன்" என்றார்.

"நீங்க பேசினா அவர் நாசிலை மாத்த மாட்டார் அக்கா. டிரைவரைத்தான் மாத்துவார்" என்று மாப்பிள்ளை சிரித்தார். சிரிப்பு கண்ணுக்கு ஏறவில்லை.

மறுநாள் அக்கா விடுப்பு. மாப்பிள்ளையை வரச் சொன்னேன்.

"மச்சான், இது சரியா வருமா? வீட்டுல பிள்ளை வேற..." என்றார்.

"வண்டிக்கு லேசா சளி மாப்ள. இதுக்குப் போய் ஆஸ்பத்திரியிலயா படுக்க வைப்பாங்க?" என்றேன். குழாயை ஒரு சாண் இழுத்தேன். பாஸ் வில்லையில் கையெழுத்துப் போட்டு முன்கண்ணாடியில் நானே ஒட்டினேன்.

பெரிய லாரிகளுக்குப் பிரேக் பிடிப்பது காற்றில். இரவெல்லாம் நின்றால் தொட்டியில் காற்று இறங்கிவிடும். காலையில் இன்ஜினை ஓடவிட்டு, காற்று ஏறும்வரை காத்திருக்க வேண்டும். மாப்பிள்ளை வண்டியை வீட்டை ஒட்டித்தான் நிறுத்துவார். வேறு இடமில்லை என்பார். அதற்கு நேர்மேலே பிள்ளை படுக்கிற அறையின் ஜன்னல். மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில் அந்த ஜன்னல் சரியாகச் சாத்தப்படவில்லை. புகை மேலே கலையாமல் சுவரோடு அப்பி நின்றதாம். லாரிக்குக் காற்று ஏறிய நேரத்தில் பிள்ளைக்குக் காற்று இறங்கியது. என் தங்கை பார்க்கும்போது உதடு நீலம்.

அப்போது மாப்பிள்ளை லாரியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாராம். பாட்டு வேறு. இதைச் சொல்லும்போது என் குரல் மாறவில்லை என்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். ஆனால் அந்தத் துணியும் அந்தப் பாட்டும் என் வயிற்றில் அணையாத அடுப்பு. பெற்றவனுக்கு மூக்கு இல்லையா? தன் வண்டி கக்குவது என்னவென்று தெரியாதா? பிள்ளையை மண்ணுக்குத் தூக்கிக் கொடுத்த அன்று எல்லாரும் அவரைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். நான் தொடவில்லை. கறார் அக்கா வந்தார். என் தங்கையின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னை ஒருமுறை பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

அடுத்த சோதனைக்கு வண்டி வந்தது. மதியம். எல்லாரும் சாப்பிடப் போயிருந்தார்கள். மாப்பிள்ளை பாதியாக இளைத்திருந்தார்.

"இந்தத் தடவை உள்ளதை உள்ளபடி பாருங்க மச்சான். தோத்தா தோக்கட்டும். சாவியைக் கொண்டுபோய் முதலாளி மேசையில வச்சுடறேன்" என்றார். புகைக்குழாயில் ஒரு மூட்டு ஒழுகுகிறது, காட்டுகிறேன் என்று வண்டிக்கு அடியில் உள்ள ஆளுயரத்துக்கு மேல் ஆழமான குழிக்குள் ஏணி வழியே இறங்கினார். உள்ளேயிருந்து அவர் குரல் வந்தது.

"மச்சான், அன்னைக்கு இங்கே நடந்ததை உங்க தங்கச்சிகிட்ட நான் சொல்லல. சொல்லவும் மாட்டேன். அவளுக்குப் பொறந்த வீடாவது மிஞ்சட்டும்."

எதைச் சொல்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. நான் கேட்கவும் இல்லை. ஏணியை மேலே எடுத்தேன்.

அன்று சோதனையை ஒழுங்காகச் செய்தேன் ஐயா. மெஷின் குழாய் முழுவதும் உள்ளே. ஆக்ஸிலேட்டர் அடிவரை. விதியில் இன்னும் சில உண்டு. வாசல் ஷட்டர் திறந்திருக்க வேண்டும், புகையை உறிஞ்சும் விசிறி ஓட வேண்டும், குழியில் ஆள் இருக்கக் கூடாது. இவற்றை நான் கவனிக்கவில்லை என்று எழுதிக்கொள்ளுங்கள். இல்லை, கவனித்தேன். அப்படியே எழுதுங்கள். எங்களுக்கு முகமூடி கொடுத்திருக்கிறார்கள். அதை மாட்டிக்கொண்டு, கேபின் கண்ணாடியை ஏற்றிவிட்டு, மிதித்தேன். விட்டேன். மிதித்தேன். முதலில் அடியிலிருந்து தட்டுகிற சத்தம் வந்தது. பிறகு இருமல். பிள்ளை இருமுவது போலவே இருந்தது. பிறகு அதுவும் நின்றது.

மெஷின் தோல்வி என்று காட்டியது. அந்த வண்டிக்கு நான் எழுதிய முதல் உண்மையான முடிவு அது. என் மருமகளுக்குப் பட்டிருந்த கடனைத் தீர்த்துவிட்டேன். பார்க்க யாருமில்லை, யாரும் பார்க்க வேண்டும் என்ற ஆசையும் எனக்கில்லை. மனம் லேசாக இருந்தது. ஷட்டரைத் திறந்தபோது வெளியே கறார் அக்கா நின்றிருந்தார், கையில் இரண்டு டீயோடு. ஒன்று மாப்பிள்ளைக்காம்.

முன்கண்ணாடியிலிருந்து பாஸ் வில்லையைச் சுரண்டியெடுத்து ஏன் வாயில் போட்டு மென்றாய் என்று மூன்றாவது முறையாகக் கேட்கிறீர்கள். தோற்ற வண்டியில் பாஸ் வில்லை இருக்கக் கூடாது. விதி அது. அதில் யார் கையெழுத்து இருந்தது என்பது இந்த வழக்குக்குத் தேவையில்லாதது ஐயா.