தம்பிக்கென்று பழகிய மன்னிப்பு

ஊர்காவற்றுறையிலிருந்து அனலைதீவுக்குப் போகும் படகில், எனக்கு முன்னால் இருந்த பெண் தன் கணவரிடம் சொன்னார்: "'ஆனா' எண்டு தொடங்கினீங்களெண்டால், நான் இதே படகிலை திரும்பிப் போயிடுவன்."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு சொல்லிப் பார்த்தார். "தம்பி, அண்டைக்கு நான் கதைச்சது பிழை. ஆனா நீயும்..."

"பாத்தீங்களே?"

"அவனும் கத்தினவன்தானே?"

"அவர் வலையைப் பற்றித்தான் கத்தினவர். நீங்கள்தான் மாதா கோயில் வாசலிலை, அவ்வளவு சனத்துக்கு முன்னாலை, 'பிள்ளையில்லாதவனுக்கு என்ன தெரியும்' எண்டு கேட்டனீங்கள்."

எஞ்சின் இரைச்சலையும் மீறி அது கேட்டது. அவர் சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"பூசையிலை நற்கருணை நன்மை வாங்கப் போகவும் எனக்கு வெக்கமாக் கிடக்குது."

"அப்ப, பிழை எண்டதோட நிப்பாட்டுங்கோ. நியாயம் கதைக்கப் போகாதேங்கோ."

"ஓம்" என்றார். பிறகு கடலைப் பார்த்தபடி திரும்பத் திரும்பச் சொன்னார்: "நான் கதைச்சது பிழை. என்னை மன்னிச்சுக்கொள்."

இறங்குதுறையில் ஒரு பெண் தனியாக நின்றிருந்தாள்.

"உங்கடை தம்பி இன்னும் கடலாலை வரேல்லை, அத்தான். வெயிலுக்கை நிக்காதேங்கோ, வீட்டை வாங்கோ."

அவர் அசையாமல் நின்றார். 'பிள்ளையில்லாதவன்' என்ற அந்தச் சொல் தம்பி மனைவியான இவளையும் சுட்டிருக்கும் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது போலிருந்தது.

"உமக்கு என்ன சொல்லுறதெண்டு நான் யோசிக்கவேயில்லையம்மா" என்றார்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவர் கையிலிருந்த பையை வாங்கி முன்னே நடந்தாள்.