வெளியே வரலாம்

பியூகிள் ஊதப் பழகும்போது முதலில் வலிப்பது உதடுதான், ஐயா. ஓரம் வெடித்துத் தோல் உரியும். அதற்கு வெண்ணெய் நல்லது என்று, குவாரியில் எல்லோருக்கும் தண்ணீர் ஊற்றும் அக்கா ஒரு சின்ன டப்பாவில் கொண்டுவந்து கொடுத்தார். நல்ல மனசு அவருக்கு.

பியூகிளில் விரலால் அமுக்க ஒன்றும் கிடையாது. உதட்டைத் தளர்த்தினால் கீழ் ஒலி, இறுக்கினால் மேல் ஒலி, அவ்வளவுதான். கீழ் ஒலியை நீளமாக ஊதினால், வெடி வைக்கப்போகிறார்கள், கொட்டகைக்குள் போங்கள் என்று அர்த்தம். கீழிருந்து மேலே ஏற்றினால், எல்லாம் வெடித்து முடிந்தது, வெளியே வரலாம். மேட்டில் நிற்கும் வெடிக்காரர் சிவப்புக் கொடியை இறக்கிய பிறகுதான் இதை ஊத வேண்டும். கொடி பியூகிள்காரருக்கு மட்டும் தெரியும். பாறைக்குப் பின்னால் கொட்டகையில் இருப்பவர்களுக்குக் காது மட்டும்தான்.

அப்பா அதைப் பல வருஷம் பிசகாமல் ஊதினார். ஒரு நாள், ஒரு வெடி மிச்சமிருக்கும்போதே ‘வெளியே வரலாம்’ கேட்டது. நம்பி வந்த இருவர் செத்தார்கள். லாரி காத்துக்கிடக்கிறது என்று மேஸ்திரிதான் பிடுங்கி ஊதினார் என்றார் அப்பா. “பியூகிள் உன் கழுத்துலதானய்யா தொங்குது” என்றார்கள். வீட்டில் நானும் கேட்டேன், “நிஜமாவே நீங்க ஊதலையாப்பா?” அதன்பின் அவர் யாரோடும் பேசவில்லை. பேசாமலே போய்ச் சேர்ந்தார்.

படிப்பை விட்டுவிட்டு வீட்டில் கிடந்த என்னை மேஸ்திரியே கூப்பிட்டு அந்த வேலையைக் கொடுத்தார். “அப்பன்தான் தப்பா ஊதினான். பொண்ணாவது ஒழுங்கா ஊதட்டும்” என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். எனக்குப் பேச வராது.

ஊதவும் வரவில்லை. “என்ன பாப்பா, எருமை கன்னு போட்டுடுச்சா?” என்பார் லாரி டிரைவர்.

“வாய மூடுய்யா. உன்ன ஊதச் சொன்னா காத்துதான் வரும்” என்பார் அக்கா.

ஒரு நாள் மேஸ்திரிக்குப் பொறுமை போய்விட்டது. “குடு இங்க. இப்படி மேல தூக்கணும்” என்று வாங்கி ஊதினார். ஏற்றி முடிக்கிற இடத்தில் மூச்சு தட்டி, கடைசி ஒலி விக்கல் மாதிரி ஒடிந்து விழுந்தது. அந்த இருவர் செத்த அன்று, அப்பாவுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு வந்த வழியில் என் காதில் விழுந்தது அதே விக்கல்தான்.

“புரிஞ்சுதா பாப்பா?”

“புரிஞ்சுதுங்க” என்றேன்.

அதிலிருந்து வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு, பியூகிளின் வாய்க்குள் ஈரத்துணியை அடைத்துப் பழகினேன். மேல் ஒலி கண்ணாடி மாதிரி வந்தது. குவாரியில் மட்டும் எருமை கத்திக்கொண்டே இருந்தது. யாரும் சந்தேகப்படவில்லை.

புதிதாகப் பழகுகிறவள், உதடு தவறிவிட்டது என்று என் வாக்குமூலத்தில் எழுதியிருக்கிறீர்கள். அதை அடித்துவிடுங்கள், ஐயா. கொடி இறங்கவில்லை என்பதைப் பார்த்துக்கொண்டேதான் ஊதினேன். அவ்வளவு சுத்தமாக நான் அங்கே ஊதியதே இல்லை. எப்போதும்போல மேஸ்திரி முதல் ஆளாக வெளியே வந்தார். பாதி தூரம் வந்ததும், கடைசி ஒலியோடு அவருடைய விக்கலையும் சேர்த்து மறுபடி ஊதினேன். அவர் நின்றுவிட்டார். திரும்பி என்னைப் பார்த்தார். புரிந்துவிட்டது என்று முகத்திலேயே தெரிந்தது. நிற்காமல் ஓடியிருந்தால் ஒருவேளை பிழைத்திருப்பார்.

அவருக்குப் பின்னால் டிரைவர் வந்ததும், குடத்தோடு அக்கா வந்ததும் எனக்கு இன்னும் விளங்கவில்லை. அவர்களை யார் வரச் சொன்னது? நான் ஊதியது மேஸ்திரிக்கு மட்டும்தான்.